கண்மாய்க்கரை வரை போனால் போதும்

டிசம்பர், ஜனவரி வந்துவிட்டால் பிள்ளைகளின் பைக்குள் ஒரு சுற்றறிக்கை வீட்டுக்கு வரும். கல்விச் சுற்றுலா, போகும் இடம் இன்னது, கட்டணம் இவ்வளவு, பணம் கட்டக் கடைசி நாள் இது என்று அதில் இருக்கும். இடம் பெரும்பாலும் ஒரு தீம் பார்க், இல்லையென்றால் ஊட்டி, கொடைக்கானல். ‘கல்வி’ என்ற சொல்லுக்காக வழியில் ஓர் அணைக்கட்டையோ பழைய கோயிலையோ சேர்த்துக்கொள்வார்கள். விடிவதற்கு முன்பே வண்டி கிளம்பும், ஊரெல்லாம் உறங்கிய பிறகு திரும்பும். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம்தான், அதைக் கெடுப்பானேன். ஆனால் மறுநாள் வகுப்பில் அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு பேச்சும் இருக்காது. விட்ட பக்கத்திலிருந்து பாடம் தொடரும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகும் விஷயத்தில் நாம் குதிரைக்கு முன்னால் வண்டியைக் கட்டிவிட்டோம் என்றே தோன்றுகிறது. எவ்வளவு தூரம் போகலாம் என்றுதான் முதலில் கேட்கிறோம். போவதற்கு முந்தின வாரமும் வந்ததற்குப் பிந்தின வாரமும் வகுப்பறையில் என்ன நடக்கப்போகிறது என்று கேட்பதில்லை. பயணம் பாடமாவதும் பொழுதுபோக்காவதும் அந்த இரண்டு வாரங்களைப் பொறுத்தது. அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், கிராமத்துப் பள்ளி ஒன்று தன் பிள்ளைகளைக் கண்மாய்க்கரை வரை கூட்டிப்போனாலே போதும்.

பள்ளிப் பயணத்தால் உண்மையில் ஏதாவது பயன் உண்டா என்பதை முறையாக அளந்து பார்த்த ஆய்வுகள் அதிகமில்லை. இருப்பவற்றில் முக்கியமானது அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் நடந்தது. அங்கே பென்டன்வில் என்ற சிறு நகரில் 2011 நவம்பரில் கிரிஸ்டல் பிரிட்ஜஸ் என்ற ஓவிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அக்கம்பக்கத்துப் பள்ளிகள் முண்டியடித்து விண்ணப்பித்தன. எல்லோரையும் ஒரே சமயத்தில் அனுமதிக்க முடியாததால் குலுக்கல் போட்டார்கள். குலுக்கல் என்றால் ஆய்வாளர்களுக்குக் கொண்டாட்டம்: போன பிள்ளைகளையும் போகாத பிள்ளைகளையும் பாரபட்சமின்றி ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஜே கிரீன், பிரையன் கிசிடா, டேனியல் போவன் ஆகியோர் 123 பள்ளிகளைச் சேர்ந்த 10,912 மாணவர்களை வைத்து இதைச் செய்து 2013-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பயணம் என்னவோ ஒரு மணி நேரம்தான். பார்த்ததும் ஐந்து ஓவியங்கள் அளவுக்குத்தான். குறிப்பெடுக்கச் சொல்லவில்லை, பரீட்சை என்று பயமுறுத்தவும் இல்லை. ஒவ்வோர் ஓவியத்தின் முன்னும் பிள்ளைகளைப் பேசவிட்டார்கள். அவற்றில் ஒன்று 19-ஆம் நூற்றாண்டில் மேப்பிள் மரத்தின் சாற்றைக் காய்ச்சிப் பாகு எடுக்கும் முகாமைக் காட்டுவது. அடிமைகளின் உழைப்பில் விளைந்த கரும்புச் சர்க்கரை வேண்டாம் என்று அடிமைமுறையை எதிர்த்தவர்கள் கண்டுபிடித்த மாற்று வழி அது. சராசரியாக மூன்று வாரம் கழித்துக் கேட்டபோது, அந்த ஓவியத்தைப் பார்த்த பிள்ளைகளில் நூற்றுக்கு 88 பேர் இந்த விவரத்தைச் சரியாகச் சொன்னார்கள். முன்பின் பார்த்திராத வேறோர் ஓவியத்தைக் கொடுத்து அதைப் பற்றி எழுதச் சொன்னபோதும், போய்வந்தவர்களே கூர்ந்து பார்த்துக் காரணம் காட்டி எழுதினார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் கிடைத்த பயன் மற்றவர்களுக்குக் கிடைத்ததைப் போலப் பல இடங்களில் இரண்டு, மூன்று மடங்காக இருந்தது என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். கட்டண விவகாரத்தில் அது மீண்டும் வரும்.

இந்த ஆய்வை எடுத்து வைத்துக்கொண்டு, ‘பார்த்தீர்களா, அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனாலே அறிவு வளர்ந்துவிடும்’ என்று சொல்லக் கூடாது. அங்கே பார்த்தவை கொஞ்சம், பேசியது அதிகம். நம் ஊரில் நடப்பது நேர் எதிர். முன்னால் போகிறவனின் தோளைப் பிடித்துக்கொண்டு வரிசையாக உள்ளே நுழைந்து, நூறு கண்ணாடிப் பெட்டிகளைக் கால் மணி நேரத்தில் கடந்து, ‘தொடாதே, பேசாதே, நகரு’ என்ற மூன்று கட்டளைகளோடு பிள்ளைகள் வெளியே வந்துவிடுகிறார்கள். இன்னொரு விஷயமும் உண்டு. இடம் புதிதாக இருந்தால் பிள்ளைகள் நிறையக் கற்பார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஜான் ஃபால்க் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1978-ல் வெளியிட்ட ஆய்வு அதைக் கேள்விக்குள்ளாக்கியது. மரங்கள் அடர்ந்த சூழலோடு முன்பே பழகிய பிள்ளைகள் அங்கே கொடுத்த பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள். பழக்கமில்லாத பிள்ளைகளின் கவனம் இடத்தைச் சுற்றிப் பார்ப்பதிலேயே கரைந்துவிட்டது. இஸ்ரேலில் நிர் ஓரியன், அவி ஹோஃப்ஸ்டீன் இருவரும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் நிலவியல் களப்பயணங்களை ஆராய்ந்து 1994-ல் சொன்னதும் இதை ஒட்டியதுதான். எங்கே போகிறோம், அங்கே என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு நேரம் ஆகும், சாப்பாடு எப்போது என்பதையெல்லாம் வகுப்பிலேயே சொல்லித் தயார் செய்யப்பட்டவர்கள்தான் அதிகம் கற்றார்கள். விடிகாலையில் தூக்கத்தோடு பஸ் ஏறி, முன்பின் தெரியாத இடத்தில் இறங்கும் ஏழு வயதுப் பிள்ளையிடம் நாம் எதிர்பார்ப்பது எவ்வளவு அநியாயம் என்பது இதிலிருந்து விளங்கும்.

அதனால்தான் கண்மாய். மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்தில் கண்மாய், வடக்கே போனால் ஏரி. பெயர் எதுவானாலும் நடந்து போகும் தூரத்தில் ஒன்று இருக்கும். அதைத் தினமும் பார்க்கிற பிள்ளைக்கு அங்கே என்ன புதிதாக இருக்கப்போகிறது என்று கேட்கலாம். தினமும் பார்ப்பதால்தான் அது நல்ல பாடம். இடத்தைக் கண்டு மலைத்துப்போகும் வேலை இல்லாததால் கவனம் கேள்விக்கு வந்துவிடும். மூன்றாம் வகுப்புக் கணக்கில் நீட்டல் அளவை வருகிறது. கரையில் ஒரு புளியமரத்திலிருந்து மடை வரை எத்தனை தப்படி என்று நாலு பேரை நடந்து எண்ணச் சொன்னால் நாலு எண்ணிக்கை வரும். யார் எண்ணியது சரி என்று சண்டை மூளும். எல்லோரும் சரியாகத்தான் எண்ணினார்கள், கால்தான் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்பது அந்தச் சண்டையிலேயே தெளியும். அதன் பிறகு மீட்டர் நாடாவை எடுத்தால், மீட்டர் எதற்காக வந்தது என்று ஆசிரியர் விளக்கத் தேவையே இல்லை. ஐந்தாம் வகுப்புக்கு வேறு கேள்வி. மிகை நீர் வெளியேறும் கலிங்கு ஏன் கரையைவிடத் தாழ்வாக இருக்கிறது? இரண்டும் ஒரே உயரமாக இருந்தால் என்ன ஆகும்? தண்ணீர் கரை மேல் ஏறும், மண்கரை அரித்துக்கொண்டு உடையும், கீழே இருக்கிற வயலும் வீடும் போகும். இதை ஒரு பிள்ளை தானாகச் சொல்லும்போது நீரோட்டமும் மண்ணரிப்பும் ஊர்க்கட்டுப்பாடும் ஒரே பதிலில் வந்துவிடுகின்றன. கலிங்கின் மேல் நட்டிருக்கும் கற்கள் எதற்கு என்பது அடுத்த கேள்வி. அதற்கு மடை திறக்கும் நீர்பாய்ச்சியைத்தான் கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் படிக்காத ஒருவரிடம் பள்ளிக்கூடமே போய் நின்று பாடம் கேட்பதில் உள்ள மரியாதையைப் பிள்ளைகள் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள். நீர்க்காகம் ஏன் இறக்கையை விரித்துக் காய வைக்கிறது, பக்கத்தில் நிற்கும் கொக்கு ஏன் அப்படிச் செய்வதில்லை என்பதைப் பறவை பார்க்கும் கூட்டத்துக்கு விட்டுவிடலாம். ஒன்று முங்கி மீன் பிடிப்பது, இன்னொன்று காலை மட்டும் நனைப்பது.

இதற்கெல்லாம் முந்தின வாரம் வகுப்பில் வேலை இருக்கிறது. கண்மாயின் படத்தை ஞாபகத்திலிருந்து வரையச் சொல்ல வேண்டும். மடை எங்கே, வரத்துக்கால் எங்கே என்பதில் ஆளுக்கொரு கருத்து வரும், போய்ப் பார்க்கும் காரணம் அங்கேயே பிறந்துவிடும். வந்த பிறகு அந்தப் படத்தைத் திருத்த வேண்டும். எண்ணிய பறவைகளைப் பட்டைப்படமாக்க வேண்டும், நீர்பாய்ச்சி சொன்னதை நாலு வரியாக எழுத வேண்டும். போய்வரும் நேரம் இரண்டு மணி. அதைச் சுற்றியுள்ள வகுப்பு வேலையோ பத்துப் பன்னிரண்டு பாடவேளைக்குக் குறையாது. இந்த விகிதம்தான் முக்கியம்.

கொள்கை அளவில் இதில் யாருக்கும் மறுப்பில்லை. யஷ்பால் குழு 1993-ல் ‘சுமையின்றிக் கற்றல்’ என்ற தன் அறிக்கையில், பிள்ளைகள் புரியாமலே மனப்பாடம் செய்வதைத்தான் உண்மையான சுமை என்றது. 2005-ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பின் வழிகாட்டு நெறிகளில் முதலாவது, பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு அறிவை இணைக்க வேண்டும் என்பதே. தமிழ்நாடு இதில் பின்தங்கிய மாநிலமும் அல்ல. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் சில ஆண்டுகளில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்தது. ஆசிரியரும் பிள்ளைகளும் தரையில் ஒன்றாக உட்கார்ந்தார்கள், கரும்பலகை பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கி வந்தது. அது சாதாரண மாற்றமல்ல. ஆனால் அந்தச் செயல்கள் பெரும்பாலும் அட்டைகளாகவே இருந்தன. இலை என்றால் இலைப்படம் போட்ட அட்டை. ஜன்னலுக்கு வெளியே வேம்பு நின்றுகொண்டிருக்கும். வகுப்பறைக்குள் இவ்வளவு தூரம் வந்த நாம் வாசற்படியில் நின்றுவிட்டோம்.

கனமான எதிர்ப்பு ஒன்று இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் நடந்த அசர் (ASER) கல்வி நிலை ஆய்வின்படி, தமிழ்நாட்டுக் கிராமப்புற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. அதே ஆண்டு ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டத்தை அரசு தொடங்கியதும் இந்தக் கவலையால்தான். எழுத்துக் கூட்டவே திணறுகிற பிள்ளையைக் கண்மாய்க்கு இழுத்துக்கொண்டு போவதா, உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக்கொடுப்பதா என்று ஓர் ஆசிரியர் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. எழுத்தறிவிக்கும் நேரத்தில் கைவைக்கக் கூடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாசிப்பு என்பது எழுத்துக் கூட்டுவதோடு முடிவதில்லை. டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் 1988-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பெயர்போனது. நடுநிலைப் பள்ளி மாணவர்கள் 64 பேருக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பகுதியை வாசிக்கக் கொடுத்தார்கள். நன்றாக வாசிக்கக்கூடிய, ஆனால் ஆட்டம் தெரியாத மாணவர்களைவிட, வாசிப்பில் பின்தங்கிய, ஆனால் ஆட்டம் தெரிந்த மாணவர்கள் வாசித்ததை நன்றாகப் புரிந்து திருப்பிச் சொன்னார்கள். நம் பிள்ளைகளுக்கு அது கிரிக்கெட், அவ்வளவுதான் வித்தியாசம். ‘மடை திறந்தது’ என்ற வரியை எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளைக்கு, மடையை நேரில் பார்த்திருந்தால் அந்த வரி பொருளாகிறது. பார்த்திராவிட்டால் அது வெறும் ஒலி. மேலும், கண்மாயில் பார்த்ததை எழுதுவதும் வாசிப்பதும் மொழிப்பாடம்தானே? அட்லாண்டா நகரில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஆண்டுக்கு மூன்று முறை ஓவியக்கூடம், நாடகம், இசை நிகழ்ச்சி என்று அழைத்துப்போய் ஆராய்ந்தபோது அவர்களுடைய தேர்வு மதிப்பெண் குறையவில்லை, சற்றுக் கூடவே செய்தது. கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்களும் 800 பாட மணி நேரமும் கேட்கிறது. பருவத்துக்கு ஒரு முறை இரண்டு மணி நேரம் வெளியே போனால் அதில் ஆறு மணி நேரம் செலவாகும்.

அடுத்தது பணம். கட்டணம் கட்டிப் போகும் சுற்றுலாவில் வகுப்புக்கு நாலைந்து பிள்ளைகளாவது வீட்டில் தங்கிவிடுகிறார்கள். அவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆர்கன்சா ஆய்வில் மிக அதிகமாகப் பயனடைந்தது இதே மாதிரிப் பிள்ளைகள்தான். அங்கே பஸ் செலவு, மதிய உணவு, அன்றைக்கு மாற்று ஆசிரியருக்கான செலவு எல்லாவற்றையும் ஓர் அறக்கட்டளை நிதி ஏற்றுக்கொண்டது, பள்ளியோ பெற்றோரோ ஒரு காசும் கட்டவில்லை. நாமோ மருந்து தேவைப்படும் பிள்ளையைத் தேடிப் பிடித்து விட்டுவிட்டு மற்றவர்களை அழைத்துப் போகிறோம். நடந்து போகும் பயணத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. மதியச் சத்துணவுக்குள் பள்ளிக்குத் திரும்பிவிடலாம். முதல் மதிப்பெண் எடுத்தவர்களுக்கும் போட்டியில் ஜெயித்தவர்களுக்கும் பயணத்தைப் பரிசாகத் தரும் வழக்கத்தையும் தொடக்கப் பள்ளி அளவிலாவது விட்டுவிடுவது நல்லது. கணக்கில் பின்தங்கிய பிள்ளைக்குத்தான் தப்படி எண்ணும் வேலை அதிகம் தேவை.

பாதுகாப்பைப் பற்றிய பயம் வீண் பயமல்ல. 2022 அக்டோபரில் கேரளத்தின் வடக்கஞ்சேரியில், ஊட்டிக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இரவில் விரைந்த சுற்றுலாப் பேருந்து அரசுப் பேருந்தின் பின்னால் மோதியதில் ஐந்து மாணவர்கள் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் குஜராத்தின் வதோதராவில் ஹர்ணி ஏரியில், அளவுக்கு மீறி ஆளேற்றிய படகு கவிழ்ந்து 12 பிள்ளைகளும் இரண்டு ஆசிரியைகளும் மாண்டார்கள். பெரும்பாலோருக்கு மிதவை அங்கிகூடத் தரப்படவில்லை. இரவுப் பயணம், வேகம், அளவுக்கு மீறிய கூட்டம், படகு என்று இந்த விபத்துகளின் காரணங்களைப் பார்த்தால் அவை தூரத்தோடும் கேளிக்கையோடும் வந்தவை என்பது தெரியும். பக்கத்து இடத்துக்குப் பகலில் நடந்து போவதில் இவற்றில் பெரும்பாலானவை இல்லை. ஆனால் கண்மாயிலும் தண்ணீர் இருக்கிறது, தண்ணீர் விளையாட்டுப் பொருளல்ல. கரை மேலோடு நிற்க வேண்டும், உள்வாயில் இறங்கக் கூடாது, நிரம்பி வழியும் நாளில் போகவே கூடாது. பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவராவது உடன் வர வேண்டும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கண்மாயே வேண்டாம். ரேஷன் கடைத் தராசும், தபால் நிலையமும், வாரச்சந்தையும், மாவு மில்லும் அவர்களுக்குப் போதுமான பாடங்கள். நகரத்துப் பள்ளிக்கும் இதே பட்டியல் பொருந்தும், கூடவே பஸ் நிலையத்தின் கால அட்டவணையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆசிரியர் எங்கே என்பது கடைசிக் கேள்வி, ஒருவகையில் கடினமான கேள்வியும் அதுதான். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டம் வகுத்த கணக்கு. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் விடுப்பு எடுத்தால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். இதில் பதிவேடு, செயலி, எமிஸ் (கல்வித் தகவல் மேலாண்மை) பதிவு வேறு. இவர்களைப் பார்த்து இன்னொரு வேலையும் செய் என்பது எளிது. ஆனால் கலப்பு வகுப்பு என்பது வெளியே போகும்போது பலவீனம் அல்ல. எண்ணும் எழுத்தும் வகுப்பில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து வேலை கொடுக்க ஆசிரியர்கள் ஏற்கெனவே பழகியிருக்கிறார்கள். அதே பிரிவைக் கரைக்கும் கொண்டுபோகலாம்: அரும்பு எண்ணும், மொட்டு அளக்கும், மலர் கேள்வி கேட்டு எழுதும். ஆள் உதவிக்குப் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும் மொத்தத்தில் பாதி பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். தீர்மானத்தில் கையெழுத்துப் போட மட்டும் அழைக்கப்படும் அந்தத் தாய்மார்களில் பலருக்கு நாற்று, மடை, சந்தை விலை எல்லாம் அத்துப்படி. சாகுபடியைப் பற்றி ஐந்தாம் வகுப்புக்குச் சொல்ல அவர்களைவிடப் பொருத்தமான ஆள் யார்? இதையெல்லாம் ஸ்மார்ட் போர்டில் வீடியோவாகக் காட்டிவிடலாமே என்பவர்களுக்கு ஒரே பதில்: எரிமலையைக் காட்டுங்கள், திமிங்கிலத்தைக் காட்டுங்கள், தெருமுனையில் இருப்பதைக் காட்டாதீர்கள். வீடியோவில் எதைப் பார்க்க வேண்டும் என்பதைக் கேமராவே முடிவு செய்துவிடுகிறது, பிள்ளைக்கு அந்த வேலை மிஞ்சுவதில்லை.

தூரப் பயணமே கூடாது என்பதல்ல என் கட்சி. உள்நாட்டுப் பிள்ளை கடலைப் பார்க்கத்தான் வேண்டும். கோட்டூர்புரத்துக் கோளரங்கமும் எழும்பூர் அருங்காட்சியகமும் ஊர்தோறும் இல்லை. ஆனால் பக்கத்தில் பார்த்துப் பேசி எழுதிப் பழகிய வகுப்பு தூரப் போனால்தான் அந்தச் செலவு வீணாகாது. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்குப் போகும் ஐந்தாம் வகுப்பு, அத்தனை பெட்டியையும் பார்த்துத் தீர்க்க வேண்டியதில்லை. பெயர் கீறிய ஒரு பானை ஓடு, ஒரு தக்களி, ஒரு பகடைக்காய் என்று மூன்றை மட்டும் முன்கூட்டியே தேர்ந்து, ஒவ்வொன்றின் முன்னும் கால் மணி நேரம் உட்காரலாம். ஆதன் என்று தன் பெயரை ஏன் ஒருவர் பானையில் கீறினார் என்று கேட்டால், வீட்டில் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டியிருப்பதைப் பார்த்த பிள்ளை உடனே பதில் சொல்லும். தீம் பார்க்குக்குப் போவதானால் அதையும் தாராளமாகப் போகட்டும், உல்லாசப் பயணம் என்று பெயரிட்டுப் போகட்டும். சுற்றறிக்கையில் கல்விச் சுற்றுலா என்று போட்டுப் பணம் வாங்க வேண்டாம்.

பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்த ஆண்டு சுற்றுலாச் சுற்றறிக்கை வரும்போது, கட்டணம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன் மூன்று கேள்விகளைத் தலைமையாசிரியரிடம் கேளுங்கள்: போவதற்கு முன் வகுப்பில் என்ன செய்வார்கள், வந்த பின் என்ன செய்வார்கள், வகுப்பில் ஒரு பிள்ளைகூட விடுபடாமல் எல்லோரும் போகிறார்களா? அரசுப் பள்ளியானால் அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், இந்தப் பருவத்துக்குள் ஒரு நாள் காலை பிள்ளைகளைக் கண்மாய்க்கோ சந்தைக்கோ அழைத்துப் போகலாம் என்று சொல்லி, கூட வருவதற்கு உங்கள் பெயரையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.